முற்றும்மையும் எதிர்மறையும்: சட்ட நுழைவுத் தேர்வின் அளவுச்சொற் சிக்கல்கள்

சட்டக் கல்விக்குரிய நுழைவுத் தேர்வுகளில் மாணவரைப் பெரிதும் இடர்ப்படுத்தும் வினாக்கள் அருஞ்சொற்களால் ஆனவை அல்ல. 'எல்லாம்', 'சில', 'ஒன்றும்', 'மட்டும்', 'பெரும்பாலான' என்னும் பொருளுடைய எளிய சொற்களால் ஆனவையே அவை. ஒரு கூற்று ஒரு தொகுதியின் உறுப்புகள் அனைத்தையும் பற்றியதா, சிலவற்றைப் பற்றியதா, ஒன்றையும் பற்றாததா என்று வரையறுக்கும் இத்தகைய சொற்களை ஈண்டு அளவுச்சொற்கள் என வழங்குவோம்.

திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி 1996ஆம் ஆண்டு தோன்றியது. அங்குச் சேர்தற்கு மேல்நிலைத் தேர்வின் மதிப்பெண்ணே அளவுகோல். ஆயின், திருச்சிராப்பள்ளியிலுள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் முதலியவற்றில் இடம்பெற விரும்புவோர் கிளாட் எனப்படும் பொதுச் சட்ட நுழைவுத் தேர்வினை எழுதுதல் வேண்டும். இத்தேர்வு ஆங்கிலத்திலேயே நடைபெறுவது. 2 மணி நேரத்தில் 120 வினாக்களுக்கு விடை தருதல் வேண்டும். தவறான விடை ஒவ்வொன்றிற்கும் கால் மதிப்பெண் கழியும். 2020ஆம் ஆண்டு முதல் வினாக்கள் உரைப்பகுதிகளை அடிப்படையாகக் கொண்டு அமைகின்றன. ஆதலின் அளவுச்சொல் தனித்து வெளிப்பட நில்லாது, பத்தியின் நடுவே மறைந்து நிற்கும். ஆங்கில வாக்கியத்தைப் படித்து, அதனைத் தமிழிற் கருதி, மீண்டும் ஆங்கிலத்தில் விடை தேரும் மாணவர் இவ்விடத்திலேயே வழுக்கி வீழ்கின்றனர். இவ்வழுக்கலுக்குக் காரணம் ஆங்கில அறிவின் குறைவு மட்டுமன்று. தமிழ் அளவுச்சொற்களின் இயல்பை நாம் உணர்ந்து பயிலாமையும் ஆகும். நம் இலக்கண நூல்கள் இவ்வியல்பினை நுட்பமாக ஆராய்ந்துள்ளன. அவ்வாராய்ச்சியைத் தேர்வுக்குப் பயில்வோர் கருவியாகக் கொள்ளலாம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இதனைத் தாமிரபரணிக் கரையினின்று தொடங்குதல் பொருத்தமுடைத்து. தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு உரை கண்ட சேனாவரையர் கொற்கையை அடுத்த ஆற்றூரினர் என்பர். நன்னூலுக்கு விருத்தியுரை வகுத்த சங்கரநமச்சிவாயர் திருநெல்வேலியினர். ஊற்றுமலைக் குறுநில மன்னர் மருதப்பத் தேவரின் வேண்டுகோளால் அவ்வுரையை இயற்றியவர். அதனைத் திருத்தியும் விரித்தும் செப்பஞ்செய்த சிவஞான முனிவர் (மறைவு 1785) பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்திற் பிறந்தவர். வடமொழியில் அன்னம்பட்டர் இயற்றிய தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கியவரும் அவரே. இலக்கணமும் தருக்கமும் ஒருவரிடத்தே ஒன்றுபட்டமைக்கு அவரினும் சிறந்த சான்று தேடவேண்டுவதில்லை. ஆற்றின் தோற்றுவாய்ப் புறத்தும், நடுவிலும், கழிமுகப் புறத்தும் தோன்றிய இம்மூவரும் ஆராய்ந்த சொற்களுள் ஒன்று 'உம்' என்னும் இடைச்சொல்.

உம்மைக்குப் பொருள் எட்டு எனத் தொல்காப்பியரும் நன்னூலாரும் வகுப்பர். அவற்றுள் முற்று, எச்சம், எண் என்னும் மூன்றே நமக்கு ஈண்டு வேண்டுவன. 'எல்லாரும் வந்தனர்' என்புழி உம்மை முற்றுப்பொருளது. ஒருவரையும் விடாது தழுவுகின்றது. இதுவரை இடர்ப்பாடு இல்லை. எதிர்மறை வந்து சேர்ந்தவுடன் நிலைமை மாறுகின்றது. 'எல்லாரும் வரவில்லை' என்ற வாக்கியத்தின் பொருள் யாது? ஒருவர்கூட வரவில்லை என்பதா? சிலர் வந்தனர், சிலர் வரவில்லை என்பதா?

முற்றும்மை சிலவிடத்து எச்சப் பொருளும் தரும் எனத் தொல்காப்பியர் ஒரு விதி கூறியுள்ளார். நன்னூலாரும் அதனைத் தழுவிக் கொண்டார். உரையாசிரியர் தரும் எடுத்துக்காட்டு, பத்துப் பொருளையும் கொடாதே என ஒருவன் ஏவுவது போன்றது. அவ்வேவலைக் கேட்டவன் ஒன்றும் கொடாதிருத்தல் வேண்டுமென்பதில்லை. சில எஞ்சும்படி கொடுக்கலாம். ஈண்டு எதிர்மறை கொடுத்தலை முற்ற மறுக்கவில்லை, கொடுத்தலின் முழுமையையே மறுத்தது. 'மின்னுவதெல்லாம் பொன்னல்ல' என்னும் பழமொழியும் இவ்விதிக்கு உட்பட்டதே. மின்னும் பொருள் எதுவும் பொன்னன்று என அதற்குப் பொருள் கொள்வோன் கையிலுள்ள பொன்னையும் எறிந்துவிடுவான். இவ்விதியை இலக்கணிகள் கட்டளையாகக் கூறாது, 'அவ்வாறு ஆதலும் உண்டு' என இடம்விட்டுக் கூறியமை கருதத்தக்கது. வாக்கியம் இருபொருட்கும் இடந்தருவது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

ஆற்றுப் பாசனத்தினின்றே ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். தாமிரபரணியின் குறுக்கே பழைய அணைக்கட்டுகள் 8 உள: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம். முதல் ஏழும் ஆங்கிலேயர் ஆட்சிக்கு முற்பட்டவை. திருவைகுண்டம் அணை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்கள் ஆட்சியிற் கட்டப்பெற்றது. இனி, 'எட்டு அணைகளும் ஆங்கிலேயருக்கு முற்பட்டவை அல்ல' என ஒருவர் கூறின், அக்கூற்று மெய்யா, பொய்யா? எச்சப்பொருள் கொண்டால் மெய். முற்றுப்பொருள் கொண்டால் பொய். ஒரே வாக்கியம் மெய்யும் பொய்யுமாக நின்றால் தேர்வெழுதுவோர் எதனைக் குறிப்பர்? ஆங்கிலத்திலும் இவ்வகை வாக்கியம் இருபொருள் தருவதே. ஆதலின் வினா அமைப்போர் அதனைத் தவிர்த்து, எதிர்மறையை அளவுச்சொல்லின் முன்னே நிறுத்தி, 'எல்லாம்' என்பதனையே மறுப்பர். அந்த வாக்கியத்தைப் படித்த மாணவர் தம் மனத்துள் 'எல்லாம் இல்லை' எனத் தமிழாக்கிக் கொள்ளும்போது, வினா அமைத்தோர் நீக்கிய ஐயம் மீண்டும் புகுந்துவிடுகின்றது.

இனி, உம்மை எங்கும் இவ்வாறே ஒழுகுகின்றதா என்று நோக்குமிடத்து, வியப்பான வேறுபாடு புலப்படும். 'பத்துப் பேருக்கும் கொடாதே' என்பது சிலருக்குக் கொடுக்க இடந்தரும். 'சாத்தனுக்கும் கொற்றனுக்கும் கொடாதே' என்பதோ இருவரில் எவர்க்கும் கொடுக்க இடந்தராது. 'யாருக்கும் கொடாதே' என்பது முற்றிலும் விலக்குவது. மூன்றிலும் இருப்பது அதே உம்மைதான். வேறுபாடு எதனால் வந்தது? தொல்காப்பியர் தம் விதியைத் தொகைச்சொல்லுக்கு என வரையறுத்தமையில் இதற்கு விடை உண்டு என்பது என் கருத்து. 'எல்லாம்', 'பத்து', 'அனைத்து' என்பன பலவற்றை ஒரு தொகுதியாக்கிக் கூறுவன. எதிர்மறை அத்தொகுதியின் நிறைவைத் தாக்குகின்றது. நிறைவு கெட ஒன்று குறைந்தாலும் போதும். எண்ணும்மையோ சாத்தனைத் தனியாகவும் கொற்றனைத் தனியாகவும் நிறுத்துகின்றது. எதிர்மறை ஒவ்வொருவரையும் தனித்தனியே சென்று சேர்கின்றது. 'யாரும்' என்பதும் அவ்வாறே ஆளை ஒவ்வொருவராக எடுப்பது.

இது வெறும் இலக்கண வேடிக்கை அன்று. இந்திய அரசியலமைப்பின் 14ஆம் உறுப்பு, சட்டத்தின்முன் சமன்மையை அரசு எந்த ஆளுக்கும் மறுத்தலாகாது என்னும் கருத்துடையது. இதனை ஒருவர் 'எல்லாருக்கும் மறுத்தலாகாது' என மொழிபெயர்த்தால், நம் இலக்கணிகளின் விதிப்படி, சிலருக்கு மறுக்கலாம் எனப் பொருள்கொள்ள வழி ஏற்பட்டுவிடும். ஒரு தொகைச்சொல்லின் வேறுபாட்டால் குடிமகனின் உரிமை நிலைக்கவும் வீழவும் கூடும். சட்டம் பயில வருவோரை இத்தகைய வினாக்களால் சோதித்தல் முறையே என்பதை இதனால் அறியலாம்.

அடுத்து, மறுப்பு வினாக்கள். ஒரு கூற்றுப் பொய்யெனின் எது கட்டாயமாக மெய் என்று கேட்பது தேர்வின் விருப்பமான வழி. 'எட்டு அணைகளும் ஆங்கிலேயருக்கு முற்பட்டவை' என்னும் கூற்றுப் பொய். இதனால் 'ஓர் அணையும் முற்பட்டதன்று' என்பது மெய்யாகுமா? ஆகாது, ஏழு அணைகள் எதிரே நிற்கின்றன. மெய்யாவது, 'ஓர் அணையேனும் முற்பட்டதன்று' என்பதே. 'உம்' என்பதற்கும் 'ஏனும்' என்பதற்கும் இடையேயுள்ள இடைவெளியே சரியான விடைக்கும் தவறான விடைக்கும் உள்ள இடைவெளி. 'எல்லாம்' என்பதன் மறுப்பு 'ஒன்றேனும் அன்று'. 'ஒன்றும் இல்லை' என்பதன் மறுப்பு 'ஒன்றேனும் உண்டு'. இவ்விரண்டையும் மனத்திருத்திக் கொண்டவர் மறுப்பு வினாக்களிற் பெரும்பகுதியைக் கடந்தவராவர். ஒன்று மெய்யாயின் மற்றது பொய்யாயே தீரும் இணைகள் இவை. 'எல்லாம் ஆம்', 'ஒன்றும் அன்று' என்பன அத்தகைய இணை அல்ல. இரண்டும் ஒருங்கே பொய்யாதல் கூடும். அணைகளைப் பற்றிய மேற்கண்ட கூற்றுகள் அதற்குச் சான்று.

இவ்விடத்தில் 'சில' என்னும் சொல்லைப் பற்றி எச்சரித்தல் வேண்டும். தேர்வில் வரும் ஆங்கிலச் சொல்லுக்குச் 'சில' என்றே அகராதிகள் பொருள் தருகின்றன. ஆயின் தமிழ்ச் 'சில' பன்மைச் சொல். ஒன்றனை அது குறியாது. மேலும், 'சில மாணவர் தேறினர்' என்றால் சிலர் தேறவில்லை என்ற எச்சமும் உடன் தோன்றும். தருக்கத்தில் இவ்விரண்டும் இல்லை. ஒருவர் மட்டும் தேறினும் அக்கூற்று மெய். எல்லாரும் தேறினும் மெய். எனவே, தேர்வுக்குப் பயில்வோர் அச்சொல்லைச் 'சில' எனக் கருதாது 'ஒன்றேனும்', 'ஒருவரேனும்' எனக் கருதிப் பழகுதல் நன்று. 'சில அணைகள் பழமையானவை' என்ற கூற்றினின்று 'சில அணைகள் பழமையானவை அல்ல' என்ற முடிவைப் பெறலாமா எனின், பேச்சு வழக்கு 'ஆம்' என்னும். தருக்கம் 'அன்று' என்னும். திருவைகுண்டம் அணை கட்டப்படாதிருந்த காலத்தும் முதற்கூற்று மெய்யாகவே இருந்தது என்பதை நோக்குக.

எண்ணிக்கை அறியப்பட்ட பொருளுக்கு வினையோடு முடியுமிடத்து உம்மை வேண்டும் எனத் தொல்காப்பியர் வேறோரிடத்துக் கூறுவர். 'வேந்தர் மூவரும் வந்தனர்' என்னும்போது வேந்தர் மூவரே என்பது பெறப்படும். 'மூன்று வேந்தர் வந்தனர்' என்னும்போது வாராத வேந்தர் வேறு இருத்தலும் கூடும். அவ்விதியை அடுத்து, இல்லாத பொருளுக்கும் உம்மை வேண்டும் என்று ஒரு விதி வருகின்றது. பவளக் கொம்பும் நீல நிறமும் உடைய யானை அரண்மனையிலும் இல்லை என்பது போல உரைகாரர் அதற்கு எடுத்துக்காட்டுத் தருவர். உறுப்பே இல்லாத தொகுதியைப் பற்றியும் பொருளுடன் பேசலாம் என்ற உணர்வு இலக்கணிகளிடம் இருந்தமை இதனால் விளங்கும். தருக்க நூலார் நெடுங்காலம் வழக்கிட்ட சிக்கல் இதனை ஒட்டியது. 'அணையின் மதகைத் தம் விருப்பப்படி திறப்போர் அனைவரும் தண்டனைக்குரியர்' என ஒரு விதி உண்டெனக் கொள்வோம். அவ்வாறு திறந்தவர் எவரும் இலர் எனின் விதி பொய்யாகிவிடுமா? இல்லை, ஒருவரும் திறவாமைக்கே விதி செய்யப்பட்டது. ஆகவே, 'அனைவரும்' என்னும் கூற்றினின்று 'ஒருவரேனும் உளர்' என்பது தானே போதராது. இக்காலத் தருக்கத்தின் முடிபு இது. அரிஸ்டாட்டில் வழிவந்த பழைய முறையோ தொகுதியில் உறுப்பு உண்டெனக் கொண்டு, 'எல்லாம்' என்பதினின்று 'ஒன்றேனும்' என்பதனைப் பெறும். நம் நாட்டுப் போட்டித் தேர்வுகளின் மூவாக்கிய வினாக்களில் பழைய முறையே பெரும்பாலும் பின்பற்றப்படுகின்றது. வட்டங்களை வரைக, விடை தானே வரும் எனக் கூறி நின்றுவிடும் கையேடுகள் இவ்வேறுபாட்டை மாணவர்க்கு உரைத்தல் வேண்டும். எம்முறை வேண்டப்படுகின்றது என்பதை அறியாது வரைந்த வட்டத்தாற் பயனில்லை.

'மட்டும்' என்னும் பொருளுடைய சொல்லுக்குத் தமிழிற் பிரிநிலை ஏகாரம் ஒத்தது. 'பட்டம் பெற்றவரே விண்ணப்பிக்கலாம்' என்பதன் பொருள், விண்ணப்பிக்கத் தக்கவர் அனைவரும் பட்டம் பெற்றவர் என்பது. பட்டம் பெற்றவர் அனைவரும் விண்ணப்பிக்கத் தக்கவர் என்பதன்று. அவருள்ளும் அகவை முதலிய காரணங்களால் தகாதார் இருத்தல் கூடும். இவ்வாறு கூற்றைத் தலைகீழாக்கி மயங்குதலைத் தருக்க சங்கிரகம் பழகிய ஒரு சான்றாலே தெளிவாக்குகின்றது. புகையுள்ள இடமெல்லாம் தீயுள்ள இடம். தீயுள்ள இடமெல்லாம் புகையுள்ளதோ? பழுக்கக் காய்ச்சிய இரும்பில் தீ உண்டு, புகை இல்லை. தீயோடு ஈர விறகு சேர்ந்தவிடத்தே புகை தோன்றும். சிவஞான முனிவர் தமிழில் வடித்துத் தந்த இச்சான்று, தேர்வு வினாக்களைத் தீர்க்கும் முறையையும் உடன் கற்பிக்கின்றது. பொதுக்கூற்று ஒன்றைப் பொய்யாக்க நூறு சான்று வேண்டா. காய்ந்த இரும்பு போன்ற ஒன்று போதும்.

இரண்டு அளவுச்சொற்கள் ஒரு வாக்கியத்தில் வரும்போது எது எதனை ஆளுகின்றது என்ற வினா எழும். இதனைக் குறியீடுகளால் முறைப்படுத்திக் காட்டியவர் ஜெர்மானிய அறிஞர் பிரேகே. அவர் நூல் 1879இல் வெளிவந்தது. 'ஒவ்வோர் அணையினின்றும் ஒரு கால்வாய் பிரிகின்றது' என்பது மெய். 'ஒரு கால்வாய் ஒவ்வோர் அணையினின்றும் பிரிகின்றது' என்பதோ நடவாதது. ஒரே கால்வாய் எட்டு இடத்துத் தலைப்படுதல் எங்ஙனம்? தமிழில் முன்னர் நிற்கும் அளவுச்சொல் பின்னர் நிற்பதனை ஆளுதல் பெரும்பான்மை. ஆங்கிலத்தில் இவ்வொழுங்கு இத்துணை உறுதியன்று. 'ஒரு கால்வாய்' எனத் தொடங்கும் ஆங்கில வாக்கியம் முதற்பொருளையும் தரவல்லது. ஆகவே பயில்வோர் இத்தகைய வாக்கியத்தைக் காணும்போது, தமிழிற் சொன்முறை மாற்றி இருவகையாகவும் எழுதிப் பார்த்து, எப்பொருள் பத்தியோடு பொருந்துகின்றது எனத் தேர்தல் வேண்டும்.

எஞ்சியது 'பெரும்பாலான' என்பது. தருக்கத்தில் இது பாதிக்கு மேற்பட்டது என்ற அளவே உடையது. இச்சொல் வரும் கூற்றுகளைச் சங்கிலிபோல் தொடுத்தல் ஆகாது. திருநெல்வேலிச் சட்டக் கல்லூரி மாணவரிற் பெரும்பாலோர் தமிழ் பேசுவோர். தமிழ் பேசுவோரிற் பெரும்பாலோர் அக்கல்லூரியிற் பயிலாதோர். ஆகவே அக்கல்லூரி மாணவரிற் பெரும்பாலோர் அக்கல்லூரியிற் பயிலாதோர் என முடித்தால் நகைப்பே மிஞ்சும். ஆயின் இரண்டு 'பெரும்பாலான' கூற்றுகளும் ஒரே தொகுதியைப் பற்றியவாயின் முடிவு பெறலாம். எட்டு அணைகளினின்றும் பிரியும் கால்வாய்கள் 11. கோடைமேலழகியான், மருதூர், திருவைகுண்டம் ஆகிய மூன்றும் இவ்விரண்டு கால்வாய் உடையன. ஏனைய ஐந்தும் ஒவ்வொன்றே உடையன. இவ்விவரம் அறியாத ஒருவரிடம், 'அணைகள் 8. அவற்றுள் 5 ஒரு கால்வாய் மட்டும் உடையன. அவற்றுள் 7 ஆங்கிலேயருக்கு முற்பட்டவை' என்று மட்டும் கூறுவோம். பழமையும் ஒற்றைக் கால்வாயும் ஒருங்கே உடைய அணை உண்டோ எனின், அவர் உண்டென உறுதியாகக் கூறலாம். ஐந்தும் ஏழும் கூடப் பன்னிரண்டு, அணையோ எட்டு, மிகுந்த நான்கும் இரண்டு தொகுதியிலும் எண்ணப்பட்டிருத்தல் வேண்டும். எனவே நான்கேனும் உண்டு. உண்மையில் அத்தகைய அணைகள் ஐந்து. ஏனெனில் முற்படாத திருவைகுண்டம் இரு கால்வாய் உடையது. ஆயினும் கொடுக்கப்பட்ட கூற்றுகளை மட்டும் கொண்டு 'ஐந்து' என விடையெழுதுதல் தவறு. வடகாலும் தென்காலும் திருவைகுண்டத்தினின்று பிரிவதைக் கண்ணாற் கண்டு வளர்ந்த மாணவருக்கு இது சற்றுக் கடினமாகவே இருக்கும். தாம் அறிந்த ஐந்தை ஒதுக்கி வைத்து, வினா தந்த நான்கினையே அவர் குறித்தல் வேண்டும்.